பேர் வைக்க வந்தவர்

இன்னும் விளிச்சே முடிக்கல இவன். இருபது நிமிஷமா அவர்களே, அவர்களே, அவர்களேன்னு ஒரே பாட்டு. மேடையில கிடக்கிற முப்பது நாற்காலிக்கும் ஆளுக்கொரு அடைமொழி வேணும், தளபதி ஒருத்தன், போர்வாள் ஒருத்தன், கொள்கைக் குன்று ஒருத்தன், அந்தக் குன்று இப்ப என் பக்கத்துல உட்கார்ந்து வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குது. ஒரு பேர் விட்டுப்போச்சுன்னா போச்சு, அந்த ஒன்றியமே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும், தேர்தல்ல கொடி கட்டக்கூட ஆள் வரமாட்டான். அதனால பந்தல்காரர் வரைக்கும் கூப்பிட்டுத்தான் விடுவான் சங்கரபாண்டியன். சங்கரபாண்டியன். பாரு, பேர் வந்துருச்சு. மாவட்டச் செயலாளர் சங்கரபாண்டியன், இன்னைக்கு அவன் மகனுக்குக் கல்யாணம், ஊர் திருச்சுழி, தாலியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், மாப்பிள்ளை கையிலதான் கொடுத்தேன், தப்பு ஒண்ணும் நடக்கல. மணி பதினொண்ணேகால். இவன் முடிச்சதும் நான். நான் பேசுறதுக்கு முன்னாடி ஒரு பிள்ளைக்குப் பேர் வைக்கணும். அவ்வளவுதானே வேலை, ஒரு பேர். ஒரே ஒரு பேர். கழுத்துல கிடக்கிற சால்வைங்க வேற, பத்துப் பதினஞ்சு இருக்கும், வைகாசி வெயில்ல மனுஷனுக்குக் கம்பளி போர்த்தி மரியாதை பண்ணுற ஊரு உலகத்துலேயே இது ஒண்ணுதான். எடுத்துப் போடவும் முடியாது. எவன் போர்த்தினதை முதல்ல எடுத்தேன்னு பார்த்துக்கிட்டே இருப்பானுங்க.

பேர் வைக்கிறது எனக்கு ஒரு விஷயமா? எத்தனை பிள்ளைக்கு வச்சிருப்பேன். கட்சிக்காரன் வீட்டுல பிள்ளை பிறந்தா பேர் வைக்கமாட்டான், தலைவர் தேதிக்குக் காத்திருப்பான். பதிவேட்டுல அந்த இடம் காலியாவே கிடக்கும், வீட்டுல அம்மு, குட்டி, பாப்பான்னு எதையாவது சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டிருப்பாங்க. நான் டெல்லியில கிடப்பேன், பார்லிமெண்ட் கூடும், கலையும், மறுபடி கூடும், பிள்ளை தவழ்ந்து, எழுந்து நின்னு, நடந்தே மேடைக்கு வந்துரும். ஒருத்தன் நாலு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்துட்டான், பள்ளிக்கூடத்துல சேர்க்கணும் தலைவரே, பேர் கேக்குறாங்கன்னான். நான் மைக்கைப் பிடிச்சு வேந்தன்னு சொன்னதும் அந்தப் பய என் வேட்டியை இழுத்து, எனக்குப் பேர் குட்டிதான்னு அழுதான் பாரு, மண்டபமே சிரிச்சது. நான் எழுதி வச்சுச் சொல்றதில்ல. மத்த தலைவருங்களுக்கு உதவியாளன் துண்டுச்சீட்டு கொடுப்பான், நான் வாங்கினதே கிடையாது. பிள்ளையைக் கையில வாங்குவேன், ஆத்தாகிட்ட ஒரு கேள்வி கேப்பேன், என்னம்மா சாப்பிடுறான், ராத்திரி தூங்குறாளா, அப்படி ஏதாவது, அவ பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பேர் நாக்குக்கு வந்துரும். தோசைக்கல்லுல எண்ணெய் விட்ட மாதிரி சுர்ருன்னு வரும். வந்த பேரை மாத்துறது கிடையாது. மேலூர்ல ஒருத்தன் பிள்ளைக்கு வெற்றின்னு வச்சேன், அந்த வாரமே நாங்க மண்ணைக் கவ்வினோம், முப்பத்தெட்டு இடத்துல டெபாசிட் காலி. மாத்தினானா அவன்? இன்னைக்கும் அந்தப் பிள்ளை பேர் வெற்றிதான். தலைவர் வாயால வந்த பேராச்சே, எப்படி மாத்துறதுன்னு கேட்டானாம். அதைக் கேட்டு எனக்கு அன்னைக்குப் பெருமையா இருந்துச்சு. இப்ப இல்ல.

டெல்லியில மறதிக்குக் காட்டப் போன இடத்துல அந்த டாக்டர் பொண்ணு என்ன தன்மையா பேசுச்சு. மூணு வார்த்தை சொல்றேன் சார், ஞாபகம் வச்சுக்கோங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேப்பேன்னுச்சு. சாவி, குடை, வாழைப்பழம். நான் சிரிச்சேன். அம்மா, நான் பட்ஜெட் விவாதத்துல ஒன்றரை மணி நேரம் காகிதம் இல்லாம எண்ணிக்கை சொன்னவன், எதிர்க்கட்சிக்காரன் புத்தகத்தைப் பிரிச்சுச் சரிபார்த்துட்டு மேஜையைத் தட்டினான், என்கிட்ட வாழைப்பழமான்னேன். அதுவும் சிரிச்சுச்சு. அப்புறம் பிரதமர் யாருன்னு கேட்டுச்சு. மூணு பிரதமரோட மந்திரிசபையில உட்கார்ந்தவன் நான். சொன்னேன். அதோட முகம் மாறலை, ஆனா பேனா ஒரு நொடி நின்னுச்சு. நான் சொன்ன ஆளு செத்துப் பத்து வருஷம் ஆச்சாம். அந்த மூணு வார்த்தையை அன்னைக்கு என்னால சொல்ல முடியல, ஒண்ணுகூட. வீட்டுக்கு வந்து கார் கதவைத் திறக்கும்போது வந்துச்சு, சாவி, குடை, வாழைப்பழம்னு, வந்தது போகவே இல்ல, நாலு மாசமா மண்டைக்குள்ளயே குடியிருக்கு. இருக்க வேண்டியதெல்லாம் போயிருச்சு, இந்தச் சனியன் மட்டும் அப்படியே நிக்குது. இந்தக் கதை தெரிஞ்சது எனக்கும் ஆவுடையப்பனுக்கும் மட்டும்தான். முப்பத்தி நாலு வருஷமா என் கூட இருக்கான், உதவியாளன்னு சொன்னா அவனுக்கே பொருந்தாது, எனக்கு இப்ப இருக்கிற மூளையே அவன்தான். எதிர்ல ஆள் வர்றதுக்கு முன்னாடி காதுல ஓதிருவான், காரியாபட்டி ஒன்றியம் மாரிக்கண்ணு, அப்பா தை மாசம் தவறிட்டார். நான் உடனே, வா மாரிக்கண்ணு, அப்பா காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதான்னு கேப்பேன். அவன் கண்ணுல தண்ணி வந்துரும். தலைவர் ஞாபகம் வச்சிருக்கார் பாருய்யா. ஒரு காலத்துல நிஜமாவே வச்சிருந்தேனே. பூத் ஏஜெண்டு பேர், அவன் பொண்டாட்டி பேர், அவன் மாட்டுக்கு என்ன சீக்குங்கிற வரைக்கும். அதை வச்சுத்தானே இங்க வந்து உட்கார்ந்தேன். என்கிட்ட பணம் இருந்துச்சா, சாதிபலம் இருந்துச்சா, முகம்தான் பெரிய முகமா? எவனைப் பார்த்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், அவன் அப்படியே என் ஆளாயிருவான். இன்னைக்குக் காலையில கிளம்பும்போது ஆவுடையப்பன்கிட்ட, அம்மாகிட்ட சொல்லிட்டியா, மத்தியானம் சாப்பிட வரமாட்டேன்னு, அப்படின்னு கேட்டேன். சொல்லிட்டேங்கய்யான்னான். கார் ஏறினோம். காரியாபட்டி தாண்டும்போது ரோட்டோரம் பூ விக்கிறவளைப் பார்த்தேன், சௌந்தரத்துக்கு ரெண்டு முழம் வாங்கிப் போகலாமேன்னு வாயெடுத்தேன், அப்பத்தான் பொட்டுன்னு உறைச்சது. கட்டினவ போய் நாலு வருஷமாச்சு. நான்தான் கொள்ளி வச்சேன். ஆவுடையப்பா, ஏண்டா பாவி, சொல்லிட்டேன்னு சொன்ன? அவன் கண்ணாடி வழியா ரோட்டைப் பார்த்துக்கிட்டே, உங்க மனசைக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான்யான்னான். எனக்கு அந்த இடத்துலதான் பயம் வந்துச்சு. மறந்தது பெருசில்ல, வயசானா எவனும் மறப்பான். நான் எதைச் சொன்னாலும் சரிங்கய்யான்னு தலையாட்ட ஒரு ஊரே இருக்கு, அதுதான் பெருசு. செத்தவகிட்ட சேதி சொல்லிட்டு வாடான்னாலும் போய்ச் சொல்லிட்டு வந்துருவானுங்க.

என்ன சொல்றான் சங்கரபாண்டியன், ஆங், விளிப்பு முடிஞ்சு என் வரலாறுக்கு வந்துட்டான். ஓலைக் குடிசையில பிறந்தாராம். ஓட்டு வீடுடா அது. தெருவிளக்குல படிச்சாராம். எங்க மாமா வீட்டுல கரண்ட் இருந்துச்சு, அந்த அறுபது வாட் பல்புக்குக் கீழதான் படிச்சேன், மாமா திட்டுவார், லைட்டை அணைடா, பில்லு யாரு உங்கப்பனா கட்டுவான்னு. முதல் தேர்தல்ல எவனோ ஒரு பேச்சாளன் தெருவிளக்குன்னு எடுத்து விட்டான், கைதட்டு விழுந்துச்சு, நானும் மறுக்கல, அம்பது வருஷமா அந்தத் தெருவிளக்கு எரியுது. கொடுமை என்னன்னா, இப்ப எனக்கே மாமா வீட்டு பல்பு மங்கிப்போச்சு. தெருவிளக்குதான் நல்லாத் தெரியுது. கம்பம் தெரியுது, சுத்துற ஈசல் தெரியுது, அடியில கால் மடக்கி நான் உட்கார்ந்திருக்கிறது தெரியுது. நடக்காதது அது. நடந்ததெல்லாம் ஒவ்வொண்ணா எந்திரிச்சுப் போகுது, போன இடத்துல இவனுங்க சொன்னது வந்து உட்காருது. ஒன்பது மாசம் சிறையில வாடினாராம். அறுபத்தோரு நாள். இல்ல, ஒன்பது மாசமா? அறுபத்தோரு நாள்தான், கதவுல கோடு போட்டிருந்தேன், கோடு போட்டது நானா, பக்கத்து அறைக்காரனா? அஞ்சு தடவை எம்.பி., மூணு தடவை மத்திய மந்திரி, அது சரிதான், அதுக்குக் கல்வெட்டு இருக்கு. கல்வெட்டு வச்சு என்ன கிழிச்சேன். ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினேன், எனக்குப் பின்னால வந்தவன் அதே பாதைக்கு வேற இடத்துல அடிக்கல் நாட்டினான், ரெண்டு கல்லு இருக்கு, ரயில் இல்ல. பட்டாசு ஆலையில பிள்ளைங்களை வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு எழுந்து பேசினேன், தொண்டை கிழியப் பேசினேன், அன்னைக்குச் சாயங்காலமே ஆலைக்காரங்க கொடுத்த விருந்துல உட்கார்ந்து சாப்பிட்டேன், கறி நல்லா இருந்துச்சு. எல்லாத்துலயும் கொஞ்சம் பொய் கலந்துருச்சு. பேர் வச்சதுல மட்டும்தான் கலக்கல. அந்த ஒரு வேலைதான் சுத்தமா செஞ்சேன். பிள்ளை அழும், மூக்கு ஒழுகும், என் சட்டை நனையும், அந்த ஒரு நிமிஷம் நான் எவனுக்கும் தலைவன் இல்ல. இன்னைக்கு அதுவும் போச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு, சொல்லு.

அதைத்தான் வரும்போது கார்ல ஆவுடையப்பன்கிட்ட சொன்னேன். நாளைக்கு வேட்பாளர் லிஸ்ட், ஆறாவது தடவை நில்லுங்கன்னு தலைமையில ஒத்தக் கால்ல நிக்கிறாங்க, நான் ஒதுங்கினா மாவட்டம் ரெண்டா உடைஞ்சுருமாம். சரிடா, ஒரு பந்தயம் வச்சுக்குவோம். இன்னைக்கு நீ காதுல ஓதக்கூடாது. துண்டுச்சீட்டு கூடாது. பிள்ளைக்கு நானே பேர் வைக்கிறேன், உருப்படியா வச்சுட்டா நீ நீட்டுற இடத்துல கையெழுத்துப் போடுறேன். தடுமாறினேன்னு வை, அதே மைக்ல, எனக்கு மண்டை வேலை செய்யல மக்களே, ஆளை விடுங்கன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவேன். ஆவுடையப்பன் அழுதுட்டான். ஏய்யா இப்படிப் பேசுறீங்கன்னான். நான் வேதமுத்து ஐயாவை நினைச்சுக்கிட்டேன். எங்க மாவட்டத்துல அந்தக் காலத்துல பெரிய மனுஷர், கடைசியா நின்ன தேர்தல்ல அவருக்குத் தான் யாருன்னே தெரியாது. ஜீப்புல நிறுத்தி வச்சிருந்தோம். பக்கத்துல நின்னது நான்தான், முப்பது வயசு எனக்கு, கூட்டத்தைக் கண்டா அவர் முழங்கையைப் பிடிச்சு மேல தூக்குவேன், அவர் கும்பிடுறார்னு சனம் கத்தும். ஒரு இடத்துல அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, தம்பி, ஒண்ணுக்கு வருதுன்னார். இன்னும் ரெண்டே தெருதான்யான்னு சொல்லிட்டேன் நான். ஜெயிச்சோம். எப்பேர்ப்பட்ட மனுஷரை அப்படி நிறுத்தி வச்சோம்! நான் அப்படி நிக்கமாட்டேன். நிக்கவே மாட்டேன். தடுமாறினா நல்லதுதான், விடுதலைதான். ஆனா தடுமாறக் கூடாதே, கடவுளே, அத்தனை பேர் முன்னாலயா. ரெண்டையும் ஒரே நேரத்துல வேண்டிக்கிட்டா எந்தச் சாமிதான் காது கொடுக்கும்? அதுவும் ஆயுசு முழுக்கச் சாமியே இல்லன்னு பேசித் திரிஞ்சவனுக்கு.

கைதட்டு. முடிச்சுட்டான். தலைவர் அவர்களை அழைக்கிறோம்கிறான். எழுந்திரு. மேஜையைப் பிடிச்சுக்கோ, சால்வை தடுக்குது, மைக், ஆங், மைக் இங்கதான். அன்பு நிறைந்தன்னு ஆரம்பிச்சேன், அது தானா வருது, வாய் பழகினது, அது மண்டையைக் கேக்காது. படியில ஒரு பொண்ணு ஏறி வருது, நீலப்பட்டு, மாநிறம், முகத்துல வேர்வை, கையில பிள்ளை. கிளைச் செயலாளர் பொஞ்சாதியாம், சங்கரபாண்டியன் சொல்லுறான், எட்டு மாசமா தலைவருக்காகவே பேர் வைக்காம வச்சிருக்காங்களாம். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து ரொம்பத் தெரிஞ்ச மாதிரி சிரிக்குது. எல்லாரும்தான் அப்படிச் சிரிப்பாங்க. பிள்ளையை வாங்கினேன். கனம். பால் வாசனை, பவுடர் வாசனை, தலை சூடா இருக்கு. என்ன பிள்ளைம்மா? பொம்பளைப் பிள்ளைங்கய்யா. ராத்திரி தூங்குறாளா? எங்கங்கய்யா, விடிய விடிய ஆட்டம்தான்னா. சிரிச்சாங்க எல்லாரும். இப்ப வரணும். வா. ஒண்ணுமில்ல. உள்ள வெறும் வெள்ளையா இருக்கு, பாத்திரம் கழுவிக் கவுத்து வச்ச மாதிரி. சாவி. சீ, போ. குடை, வாழைப்பழம். ஏய், போங்களேன். பொண்ணுங்க பேர், எத்தனை இருக்கு தமிழ்ல, மலர்ல ஒண்ணு, நிலால ஒண்ணு, சௌந்தரம்னு வைக்கலாமா, வேண்டாம், அழுதுருவேன். எவ்வளவு நேரமாச்சு? ஆவுடையப்பன் என் முதுகுக்குப் பின்னால மூச்சு விடுறது கேக்குது, ஓதமாட்டான், சொன்னா சொன்னதுதான், ஓதினா என்னடா கழுதை, ஓதேன். பிள்ளை என் மூக்கைப் பிடிச்சுச்சு. சின்ன விரல், ஈரமா இருந்துச்சு. எங்கேயோ ஜன்னல் திறந்த மாதிரி ஒரு காத்து முகத்துல பட்டுச்சு, பட்டதும் வந்துருச்சு. வந்துருச்சுய்யா! யாரும் ஓதல, சீட்டு இல்ல, நானே, என் மண்டையிலேர்ந்தே. பிள்ளை காதுகிட்ட குனிஞ்சு சொன்னேன், அப்புறம் மைக்ல சொன்னேன், மூணு தடவை, பழைய தொண்டை, பார்லிமெண்ட் தொண்டை. தென்றல்! தென்றல்! தென்றல்!

என்ன கைதட்டு. விசில் அடிக்கிறானுங்க. கண்ணு நிறைஞ்சுபோச்சு எனக்கு, கிழவனுக்கு இன்னும் உயிர் இருக்குடான்னு கத்தணும்போல இருந்துச்சு. நிக்கலாம், ஆறாவது தடவை நிக்கலாம், கையெழுத்துப் போடலாம். பிள்ளையை ஆத்தாகிட்ட நீட்டினேன். அவ வாங்கல. சிரிச்ச முகம் சிரிச்சபடியே இருக்கு, கண்ணு மட்டும் படிக்கட்டுப் பக்கம் போயிருச்சு. படியில ஒரு சின்னப் பொண்ணு ஏறி வருது, ஆறு வயசு இருக்கும், ரெட்டைச் சடை, பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, நேரா என் முன்னால வந்து நின்னு, என்ன தாத்தா, கூப்பிட்டீங்களாங்குது. மைக் பக்கத்துலயே இருக்கு, மண்டபம் பூரா கேட்டுருச்சு. உன் பேர் என்னம்மான்னேன். எதுக்குக் கேட்டேன், எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தென்றல் தாத்தா, நீங்கதான் வச்சீங்களாம், அம்மா சொன்னாங்க. இதே மண்டபமாம். ஆத்தாகாரி பதறி, இல்லங்கய்யா, பரவாயில்லங்கய்யா, ரெண்டுக்கும் ஒண்ணாவே இருக்கட்டுங்கய்யாங்கிறா. சங்கரபாண்டியன் அதுக்குள்ள இன்னொரு மைக்கைப் பிடுங்கிட்டான். ஒரே வீட்டில் இரண்டு தென்றல்! பெரிய தென்றல், சின்னத் தென்றல்! எந்தத் தலைவனுக்கு வரும் இந்தக் கற்பனை! கைதட்டு, முன்னைவிடப் பெருசா. நான் மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். சொல்லிரு. இப்பவே சொல்லிரு. மக்களே, நான் மறந்துட்டேன், எனக்கு ஞாபகம் இல்ல, எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லன்னேன். ஒரே சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறானுங்க, தலைவரோட குசும்பு போகல பாருய்யான்னு முன் வரிசையில ஒருத்தன் சொல்லுறது கேக்குது. நிஜம்டா, நிஜமாத்தான்டா சொல்றேன். அதுக்கும் சிரிக்கிறானுங்க. ஆவுடையப்பன் காதுல ஓதினான், போதும்யா, நாமதான் ஜெயிச்சோம், நாளைக்குக் கையெழுத்துன்னான், என் முகத்தைப் பார்க்கல.

அந்தச் சின்னப் பொண்ணு மட்டும் சிரிக்கல. பிள்ளையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்குது. பாப்பாவுக்கு என் பேராம்மான்னு கேக்குது. ஆத்தாகாரி குனிஞ்சு அது சடையைச் சரிபண்ணிக்கிட்டே, பாப்பாவுக்குக் குடுத்துரு கண்ணு, தாத்தா வாயால வந்துருச்சுல்ல, உனக்குத் தாத்தா வேற நல்ல பேரா வைப்பாருன்னு சொல்லிட்டு, பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கிட்டா. அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. சரின்னு தலையாட்டுச்சு. அப்புறம் என் முன்னால வந்து, கையைக் கட்டிக்கிட்டு, அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்குது.